பாலத்து விளக்கு எரிந்த பிறகு

மார்ச் 3

தங்கச்சிக்கு,

கண்டக்டரம்மாவின் இரங்கல் கூட்டத்தில் பாலம் படத்தைக் கடைசிவரை ஓடவிட்டிருக்கிறாய். பாலத்தில் விளக்கு எரிந்ததும் நிறுத்தவில்லை. நம் ரசிகர் மன்றத்தார் ஒருவரும் வெளியே போகவில்லை. படத்தில் அவர் சாவதை எல்லோரும் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்கள். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து நடக்காத காரியம் இது. கூட்டத்தை நடத்தியவள் நீ. தலைவன் நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சோடாக்காரர் போனில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அவர் நம் பொருளாளர், அவரே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் பிறகு பேசிக்கொள்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், மறந்துவிட்டாய் என்பதால். முதல் படத்தில் அவர் பஸ் கண்டக்டராக வந்தார். தோளில் பை, வாயில் விசில். சில்லறை இல்லாத கிழவரை இறக்கிவிடாமல் கூட்டிப் போவார். அன்றைக்கு நாம் வைத்த பெயர்தான் கண்டக்டரம்மா. பத்திரிகைக்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு பாலம் படம். அதில் பாலம் கட்டும் என்ஜினீயர் அவர். பாலம் திறக்கும் அன்று விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும். அடுத்தது ஆஸ்பத்திரி. பகல் காட்சி பார்த்தவர்கள் அழுதுகொண்டு வெளியே வந்து, அவர் செத்துப்போகிறார் என்றார்கள். மாலைக் காட்சிக்கு நாம் போனோம். விளக்கு எரிந்ததும் நான் எழுந்தேன். "அவங்க சாகறத நாம எதுக்குடா பார்க்கணும், எந்திரிங்க" என்றேன். மாப்பிள்ளைதான் எனக்கு அடுத்து எழுந்தார். அப்போது அவர் உன்னைக் கட்டிய மாப்பிள்ளை இல்லை, வேன் டிரைவர். நீ டிக்கெட் கவுண்டரில் இருந்தாய்.

அன்றிலிருந்து அதுதான் சட்டம். எத்தனை முறை எழுந்து போயிருக்கிறோம். ஒருமுறை நம்மைப் பார்த்துப் படம் முடிந்துவிட்டது என்று பின் வரிசை முழுக்க எழுந்து நடந்தது. ஆபரேட்டர் ஓடிவந்து நம்மைத் திட்டினார். நாம் வாசலில் சோடா குடித்துக்கொண்டு நின்றோம். மற்ற படங்களிலும் அப்படியே. அவர் எதிலெல்லாம் சாகிறாரோ அதிலெல்லாம் நமக்குப் படம் பத்து நிமிஷம் முன்பே முடிந்துவிடும்.

இங்கே ஃபிரேம் கடையில் வாரம் முழுக்க அவர் படம்தான். பத்திரிகையில் கத்தரித்தது, காலண்டரில் கிழித்தது, போனிலிருந்து பிரிண்ட் போட்டது. கொடுக்கிறவர்கள் கவுண்டரில் வைத்துவிட்டு நிற்கிறார்கள். அளவு கேட்டால் கையால் காட்டுகிறார்கள். லாரி பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். கறுப்புச் சட்டம் போடவா, பொன் நிறமா என்று பெரியவன் கேட்டான். "அவங்க இருந்தா எது போடுவீங்களோ அதப் போடுங்க" என்றார். பெரியவன் என்னைப் பார்த்தான். நான் பொன் நிறத்தை எடுத்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்ணாடி வெட்டுகிறேன், துடைக்கிறேன், சட்டத்தில் வைக்கிறேன், ஆணி அடிக்கிறேன். அடுத்த படத்தை எடுக்கிறேன்.

கூட்டத்துக்கு நான் அனுப்பிய பெரிய படம் உடையாமல் வந்ததா என்று கூட எழுத உனக்கு நேரமில்லை.

ஏன் நிறுத்தவில்லை என்று எழுத்தில் பதில் வேண்டும். போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், நான் கத்துவேன். காகிதத்தில் இரண்டுக்கும் இடமில்லை.

அண்ணன்


மார்ச் 8

அண்ணனுக்கு,

உங்கள் எழுத்து காகிதத்தின் பின்பக்கம் வரை தடவினால் தெரிகிறது. பேனாவை இவ்வளவு அழுத்தினால் மணிக்கட்டு வலிக்கும். வயது ஏறுகிறது.

படம் உடையாமல் வந்தது. மேடையில் அதைத்தான் வைத்தோம். எல்லோரும் கிட்டே போய்ப் பார்த்தார்கள். "தலைவர் கை" என்று சோடா அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். நீங்கள் வருவீர்கள் என்று முதல் வரிசையில் ஒரு நாற்காலி போட்டிருந்தோம். அதில் கடைசியில் யாரோ பையை வைத்துவிட்டார்கள்.

கூட்டம் எங்கள் தெரு முனையில் இருக்கும் தொழிற்சங்க ஹாலில் நடந்தது. நான் நினைத்ததைவிட ஆட்கள் அதிகம். தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்றாரே, அவர் கூட வந்திருந்தார். பல் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்ததும் பழைய பழக்கத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். "வாங்க, இன்னிக்கு டிக்கெட் இல்ல" என்றேன். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. யாரும் அழவும் இல்லை அண்ணா. அதுதான் எனக்கு ஆச்சரியம். அவர் படம் ஒவ்வொன்றுக்கும் சட்டையைக் கிழித்துக்கொண்டவர்கள், பேசச் சொன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் அவர் நடித்த படங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். தையல்கடை அக்கா, "நான் ஒண்ணும் தயார் பண்ணல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு படம் போட்டோம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் சட்டத்தை மறக்கவில்லை. பாலத்தில் விளக்கு எரிய ஆரம்பித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். யாரும் சொல்லவில்லை, தானாக எழுந்தார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். நீங்கள் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பீர்கள்.

உங்கள் மாப்பிள்ளையால் எழுந்திருக்க முடியவில்லை.

அவரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கூட்டத்துக்குப் போயே ஆக வேண்டும் என்று பிடிவாதம். நுரையீரல் எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். விளக்கு எரிந்ததும் அவரும் கைப்பிடியை அழுத்தினார். இடுப்பு ஒரு அங்குலம் எழும்பியது. திரும்ப உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் தூக்க வந்தார்கள். இவர் கையை ஆட்டினார். "நீங்க போங்கப்பா, நான் இருக்கேன்" என்றார்.

அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் வெளியே போய் நிற்கவா? உட்கார்ந்தேன். சோடா அண்ணன் கதவு வரை போய்விட்டார். திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். படத்தை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அந்தக் காட்சியில் பாட்டு கிடையாது. பெரிய வசனமும் கிடையாது. ஆஸ்பத்திரி அறையில் பாலத்தில் வேலை செய்தவர்கள் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். அவசரமே இல்லை. பிறகு, "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்கிறார். அவ்வளவுதான். அப்புறம் கண்ணை மூடிக்கொள்கிறார்.

வீட்டுக்கு வந்து படுக்க வைத்த பிறகு இவர் சொன்னார்: "அவங்க ஒவ்வொரு ஷோவிலயும் கேட்டிருக்காங்க. நாம வெளிய நின்னு சோடா குடிச்சிட்டிருந்தோம்."

அதன் பிறகு தூங்கிவிட்டார்.

தங்கச்சி


மார்ச் 13

தங்கச்சிக்கு,

பதில் கிடைத்தது. ஏற்றுக்கொள்ளவில்லை.

எழுந்திருக்க முடியாதவர் இருந்தால் படத்தை நிறுத்தியிருக்க வேண்டும். இது பழைய காலத்து ரீல் இல்லை. ஒரு பொத்தான். பொத்தானை அழுத்த நாலு பேர் தேவையில்லை. நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டிருந்தால் மாப்பிள்ளையும் நீங்களும் ஒன்றாக வெளியே வந்திருக்கலாம். சட்டமும் பிழைத்திருக்கும்.

அந்தக் கேள்வியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அது வசனம் எழுதியவர் கேட்டது. கண்டக்டரம்மா கேட்டது இல்லை. அப்படியே அவர் கேட்டதாக வைத்துக்கொண்டாலும், படத்தில் நிற்கும் தொழிலாளிகளைக் கேட்கிறார். வாசலில் நிற்பவர்களைக் கேட்கவில்லை. நான் படித்தது மூன்றாவது வரைதான். மீதியை அவர் படச் சுவரொட்டிகளைப் படித்துத்தான் கற்றேன். ஆனாலும் யார் யாரைக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை களைப்பில் சொல்லியிருப்பார். அதைக் கடிதத்தில் எழுதி அனுப்ப வேண்டியதில்லை.

அவர் போன மறுநாள் டிவியில் இறுதி ஊர்வலம் காட்டினார்கள். கடையை அரை ஷட்டர் இறக்கிவிட்டு நானும் பெரியவனும் பார்த்தோம். வண்டி பெரிய சாலையிலிருந்து திரும்பும் இடம் வரை பார்த்தேன். பிறகு ஒரு ஆர்டர் ஞாபகம் வந்து உள்ளே போய்விட்டேன். நல்ல கூட்டம். ஒழுங்காகப் போனார்கள் என்றான் பெரியவன்.

மாப்பிள்ளையைப் பார்க்க வருவதாக எழுதவில்லை என்று குறைப்படுவாய். நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். இங்கே வேலை அப்படி. இவ்வளவு ஆர்டர் இந்தக் கடை பார்த்ததில்லை. பெரியவன் கண்ணாடியில் கோடு போடுவான், உடைக்கத் தெரியாது. உடைத்தால் மூலை போய்விடும். நான் நகர்ந்தால் அவரைப் பாதி முகத்தோடுதான் எல்லோர் வீட்டிலும் மாட்டுவார்கள்.

மாப்பிள்ளை படுத்திருக்கும் அறையில் ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டிருப்பதாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தாய். அளவு எழுது. சட்டத்தின் உள் அளவு வேண்டும், வெளி அளவு இல்லை. மேல், கீழ் இரண்டையும் தனித்தனியாக அள. பழைய ஜன்னல் எதுவும் சதுரமாக இருக்காது. நாலு மில்லி கண்ணாடி வெட்டி, விளிம்பு தேய்த்து பார்சல் வண்டியில் அனுப்புகிறேன். குளிர்காற்று உள்ளே வரக்கூடாது. நுரையீரலுக்கு ஆகாது.

சட்டம் மீறியதற்கு உன் மேல் கண்டனத் தீர்மானம் போடச் சொல்லிச் சோடாக்காரருக்குச் சொல்லிவிட்டேன். அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

அண்ணன்


மார்ச் 18

அண்ணனுக்கு,

கண்ணாடி வேண்டாம். அட்டை ஒட்டியிருக்கிறேன், போதும்.

போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. பெரியவன் எடுத்து, "அப்பா கண்ணாடி வெட்டறாரு அத்தை" என்றான். வெட்டும் சத்தம் கேட்கவில்லை. நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு கையை ஆட்டினீர்கள் என்று நினைக்கிறேன்.

டாக்டர் வீட்டுக்கு வந்தார். இனி மாதக் கணக்கு பேச வேண்டாம் என்றார். வாரக் கணக்கும் வேண்டாம் என்றார். இவருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னார். இவர் டாக்டரிடம், "வண்டி எஃப்.சி. சோதனைக்குப் போற நிலைமையில இல்ல, அதான சார்?" என்றார். நான் டாக்டருக்கு டீ கொடுத்து அனுப்பினேன்.

கண்டனத் தீர்மானம் வந்தது. சோடா அண்ணன் கொண்டுவந்து படித்தார். படிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவரும் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்து வெகு நேரம் நிற்கவில்லை. அதனால் உங்கள் தீர்மானம் நிறைவேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, நான் இதை ஒரே ஒருமுறை சொல்கிறேன். அம்மா போகும்போது நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தீர்கள். மருந்து வேண்டாம் என்று முந்தின நாளே டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அண்ணி போகும்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஒரு வாட்ச்மேனோடு கண்டக்டரம்மா படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள். உள்ளே நான் இருந்தேன். அண்ணி கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "வர்றாரு அண்ணி, வர்றாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இதை உங்களிடம் நான் சொன்னதில்லை. இப்போதும் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நீங்கள் கல்நெஞ்சக்காரர் இல்லை. எழுந்து போய்விடுவீர்கள், அவ்வளவுதான். உங்களுக்கு விளக்கு எரிவது எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவிடுகிறது.

மன்றத்துக்கு அதைச் சட்டமாகப் போட்டீர்கள். உங்கள் கூட எழுந்து வந்தவர்களுக்கு அது பாசம். உங்களுக்கு அது என்ன என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருஷம் ஒன்றும் கேட்கவில்லை.

இவர் உங்களைக் கேட்கிறார். தினமும் கேட்பதில்லை, கௌரவம் பார்க்கிறார். நேற்று மட்டும் நேராகச் சொன்னார். சொன்னபடியே எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்: "மச்சான் வந்தா வரட்டும். வந்துட்டு பாதியில எந்திரிச்சுப் போறதுன்னா வர வேணாம்னு எழுது. நான் கதவப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்க மாட்டேன்."

என் பக்கத்திலிருந்து சொல்ல ஒன்றும் இல்லை. நான் சரியாகத் தூங்கி நாளாகிறது. என்ன சமைக்கிறேன் என்று கூடத் தெரியாமல் சமைக்கிறேன். எது நடந்தாலும் நான் அறையில் இருப்பேன். அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் இந்த முறை தனியாக இருக்க எனக்கு மனமில்லை.

தங்கச்சி


மார்ச் 20

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தில் இருக்கும் எதற்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை. அம்மாவுக்கு வாங்கப் போனது மருந்துதான். சீட்டு இருந்தது. வாட்ச்மேன் விஷயமும் நீ நினைப்பது போல இல்லை. அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

அண்ணி கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தெரியாது.

நேற்றுக் கடையை அடைத்த பிறகு பெரியவனிடம் அந்தப் படத்தைப் போனில் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். போடுடா என்றேன். கடைசிப் பகுதியை மட்டும் போட்டான். விளக்கு எரிந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் ஷட்டர் பக்கத்தில் நின்று பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரும்பி வந்தேன். படம் முடிந்து பெயர் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி போடச் சொன்னேன். இந்த முறை மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது. குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதிரி இருந்தது, மூடப் போனேன். சொட்டவில்லை. மூன்றாவது முறை பெரியவன் போட மாட்டேன் என்றுவிட்டான். "விடுப்பா" என்றான். அவன் என்னைப் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆக இது எனக்கு வராத வேலை. மனசு வைத்தால் வந்துவிடும் என்று நீ நினைக்கிறாய். மனசு வைத்துத்தான் பார்த்தேன். கால் எழுந்துவிடுகிறது. வராத வேலையை ஏற்பாடு இல்லாமல் செய்யக்கூடாது. பெரிய கண்ணாடியைத் தனியாள் தூக்குவதில்லை. இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், முன்னால் வழி சொல்ல ஒருவர்.

நான் சட்டத்தை மாற்றவில்லை. நான் உயிரோடு இருக்கும்வரை மன்றத்தில் அது சட்டம்தான். உன் மேல் இருக்கும் கண்டனமும் அப்படியே இருக்கிறது. மாப்பிள்ளையைப் பொறுத்தவரை மட்டும் விதிவிலக்கு. தலைவருக்கு அந்த அதிகாரம் உண்டு.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளைக்கு உன் கைக்கு வரும். நான் நாளை இரவு பஸ் ஏறி, மறுநாள் காலையில் வருகிறேன். ஏற்பாடு முதலில், ஆள் பிறகு. கீழே எழுதியிருப்பதை ஒன்று விடாமல் செய்யவும்.

பெரியவன்: கடையைத் திறக்க வேண்டும். ஒப்புக்கொண்ட படங்களை முடித்துக் கொடுக்க வேண்டும். மூலை உடைந்தால் உடையட்டும், வேறு கண்ணாடி போடட்டும். என்னைப் போனில் கூப்பிட்டு எதுவும் கேட்கக்கூடாது. எனக்கு எழுந்து போக ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

சோடாக்காரர்: பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிக்கொண்டு நேராக வீட்டுக்கு வர வேண்டும். வழியில் எங்கேயும் நிறுத்தக்கூடாது. நான் எதையாவது வாங்க வேண்டும் என்று சொல்வேன். கேட்கக்கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். நான் கதவு வரை வந்தால் பேச்சுக் கொடுக்கக்கூடாது. கண்டக்டரம்மாவைப் பற்றி நிச்சயமாகக் கூடாது.

மன்றத்தார்: ஒருவரும் அன்றைக்கு வர வேண்டாம். கூட்டம் இருந்தால் நான் தலைவராகிவிடுவேன். அவர்களை வழியனுப்ப வாசலுக்குப் போய்விடுவேன்.

நீ: கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு நாற்காலி அகலம் தள்ளிப் போடு. என் நாற்காலியைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், மாப்பிள்ளையின் தலைப் பக்கம் போடு. கட்டிலை நகர்த்தாமல் நான் வெளியே வர முடியாதபடி இருக்க வேண்டும். அளந்து போடு. தண்ணீர், மாத்திரை எல்லாம் கதவுப் பக்கம், உன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். என்னிடம் எதையும் எடுத்து வரச் சொல்லாதே. நான் உட்கார்ந்த பிறகு நீ கொஞ்ச நேரம் படுத்துத் தூங்க வேண்டும். ஏதாவது என்றால் நான் எழுப்புகிறேன்.

நான்: உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை: நாளை மறுநாள் காலை வரை இருக்க வேண்டும். இதை அவர் காதருகே, சத்தமாக, நீயே படித்துக் காட்ட வேண்டும்.

அண்ணன்